கைக்குழந்தை லுக்கீமியா: அந்த ஜெனிடிக் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

ரிப்போர்ட் கவுண்டர் எங்கள் லேபில் தரைத்தளத்தில் இருக்கிறது. நான் உட்காருவது இரண்டாவது மாடியில். வருஷத்துக்கு ஏழெட்டு முறையாவது கவுண்டர் பெண் இன்டர்காமில் கூப்பிடுவாள்: "அக்கா, ஒருத்தர் ரிப்போர்ட்டை வாங்கிட்டுப் போகாம அப்படியே நிக்கிறார். கொஞ்சம் வர்றீங்களா?" இறங்கிப் போனால் நிற்பது அப்பாவாக இருக்காது. சித்தப்பாவோ தாய்மாமாவோ இருப்பார். அப்பாவும் அம்மாவும் வார்டில் குழந்தையோடு இருப்பார்கள். அதற்குள் இவர் தாளைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, அங்கிருந்து நாலு பேர் நாலு விதமாகப் பதில் போட்டிருப்பார்கள்.

ஒருமுறை ஒரு தாய்மாமா கேட்டார்: "மேடம், முதல்லயே 46ன்னு போட்டிருக்கு. எங்க பாப்பாவுக்கு நாலு மாசம். வேற யாரோ 46 வயசு ஆளோட ரிப்போர்ட் மாறி வந்துடுச்சா?"

சிரிக்கிற கேள்வி இல்லை அது. 46 என்பது குரோமோசோம் எண்ணிக்கை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு கவுண்டர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. 21 வருஷமாக மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோம் பார்க்கிற டெக்னாலஜிஸ்ட். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதெல்லாம் என் வேலை இல்லை. தாளில் இருப்பதை வாசிக்கச் சொல்லிக்கொடுக்க முடியும், அவ்வளவுதான்.

நான் எழுதுவது லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், வந்த ஒரு வயது முடியாத குழந்தைகளுக்கு மட்டும். இரண்டிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வரும் லுக்கீமியாவின் ஜெனிடிக்ஸே வேறு. அங்கே குரோமோசோம் எண்ணிக்கை 50க்கு மேல் கூடிப்போன வகையும், ஈடிவி6 என்ற ஜீனும் ரன்எக்ஸ்1 என்ற ஜீனும் ஒட்டிக்கொண்ட வகையும் அதிகம். இரண்டுமே நன்றாக குணமாகக்கூடியவை. கைக்குழந்தைகளிடம் இந்த இரண்டும் அபூர்வம். ஆகவே "பக்கத்து பெட் பையனுக்கு நல்ல வகைன்னாங்களே, நம்ம பாப்பாவுக்கு ஏன் இல்லை" என்று ஒப்பிட்டு மருகுவதில் பிரயோஜனமில்லை. பெயர் ஒன்றுதான், நோய் வேறு.

தாளில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். நாங்கள் லேபில் வாயால் சொல்கிறபடி தமிழில் எழுதுகிறேன். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாளுக்கு முன்னால் டியூப்

ரிப்போர்ட்டின் தரம் சாம்பிள் எடுத்த நிமிஷத்திலேயே பாதி முடிவாகிவிடும். குரோமோசோம் பார்க்க வேண்டுமென்றால் செல்கள் உயிரோடு எங்களிடம் வந்து சேர வேண்டும். அதற்குப் பச்சை மூடி போட்ட ஹெப்பாரின் டியூப். டிஎன்ஏ, ஆர்என்ஏ சோதனைகளுக்கு ஊதா மூடி போட்ட ஈடிடிஏ டியூப். ஐஸில் புதைக்கக் கூடாது. ஒரு நாளுக்குள் வந்துவிட வேண்டும்.

தெற்கே ஒரு ஊரிலிருந்து ஒரு திங்கட்கிழமை காலை எங்களுக்கு ஒரு டப்பா வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் எடுத்த எலும்பு மஜ்ஜை, ஊதா மூடியில், நாலு பக்கமும் ஐஸ் ஜெல். மூன்று மாதக் குழந்தை; இடுப்பெலும்பில் ஊசி குத்தி எடுத்தது ஒன்றரை மில்லி இருக்கும். கல்ச்சரில் ஒரு செல்கூடப் பிரியவில்லை. "கல்ச்சர் ஃபெயில்யூர்" என்று எழுதி அனுப்ப வேண்டியதாயிற்று. வேண்டுமென்றே யாரும் செய்ததில்லை. வாரக் கடைசி, கூரியர், புது நர்ஸ், எல்லாம் சேர்ந்துகொண்டது. ஆனால் அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு, குழந்தையின் உடம்பில்தான் ஏதோ ஃபெயில் ஆகிவிட்டது என்று அம்மா அழுதிருக்கிறார்.

இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: கல்ச்சர் ஃபெயில்யூர் என்றால் லேபில் செல் வளரவில்லை, அவ்வளவே. மறுபடி ஊசி குத்த ஒப்புக்கொள்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். அதே சாம்பிளில் ஃபிஷ் (ஜீன் உடைந்திருக்கிறதா என்று சாயம் ஒட்டிப் பார்க்கும் சோதனை, விவரம் பின்னால்) செய்ய முடியுமா? ரத்தத்திலேயே பிளாஸ்ட் (முதிராத நோய்ச் செல்) நிறைய இருக்கிறதா? ஃபிஷ் சோதனைக்குச் செல் பிரிய வேண்டியதில்லை, செத்துப்போன செல்லிலும் பெரும்பாலும் வேலை செய்யும். கைக்குழந்தை லுக்கீமியாவில் வெள்ளையணு லட்சக்கணக்கில் ஏறி இருப்பது சாதாரணம். டியூபைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் சிவப்புக்கு மேல் வெள்ளை அடுக்கு விரல் தடிமனுக்கு நிற்கும். அப்படிப்பட்ட குழந்தைக்குக் கையில் எடுத்த ரத்தமே ஃபிஷ்ஷுக்குப் போதும். அந்த மூன்று மாதக் குழந்தைக்கும் அப்படித்தான் ரிசல்ட் கொடுத்தோம்.

எங்கள் பக்கத்துக் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். செல்லைக் கண்ணாடி ஸ்லைடில் சொட்டாக விட்டு உலர்த்தும்போதுதான் குரோமோசோம்கள் விரியும். அது காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மெதுவாகக் காய்ந்து, குரோமோசோம்கள் தாறுமாறாகச் சிதறிப் போகும். ஏசியை அதிகம் வைத்தால் சட்டென்று காய்ந்து ஒன்றன்மேல் ஒன்று குவிந்துகொள்ளும். 21 வருஷம் ஆகியும் அடைமழை நாளில் முதல் ஸ்லைடை விடும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கும்.

முதல் வரி: கேரியோடைப்

கேரியோடைப் என்றால் செல்லிலுள்ள குரோமோசோம்களின் கணக்கு. பெரும்பாலான தாள்களில் அது கொட்டை எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். உதாரணத்துக்கு:

46,எக்ஸ்எக்ஸ்,டி(4;11)(க்யூ21;க்யூ23)[18]/46,எக்ஸ்எக்ஸ்[2]

இடமிருந்து வலமாகப் போவோம். 46 என்றால் மொத்தக் குரோமோசோம், சரியான எண்ணிக்கை. எக்ஸ்எக்ஸ் என்றால் பெண் குழந்தை. சிறிய டி, இடம் மாறியிருக்கிறது என்பதைக் குறிக்கும். 4;11 எந்த இரண்டு குரோமோசோம் என்பது. க்யூ என்றால் குரோமோசோமின் நீள்கை, பி என்றால் குறுங்கை. 21, 23 எல்லாம் அந்தக் கையில் எந்தப் பட்டை (சாயமேற்றினால் தெரியும் கோடு) என்பதற்கான முகவரி. க்யூ23ஐ "இருபத்து மூன்று" என்று படிக்காதீர்கள், "இரண்டு மூன்று" என்று படியுங்கள்: இரண்டாவது பகுதி, மூன்றாவது பட்டை.

சதுர அடைப்புக்குள் இருக்கும் எண்ணைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். [18] என்றால் நாங்கள் பார்த்த 20 செல்லில் 18 செல்லில் இந்த மாற்றம் இருந்தது. சாய்கோட்டுக்குப் பிறகு வரும் [2], மீதி இரண்டு செல் ஒழுங்காக இருந்தது. அந்த இரண்டு செல் முக்கியமானவை. குழந்தையின் உடம்பிலிருக்கும் எல்லாச் செல்லுக்கும் இந்த உடைப்பு இல்லை என்பதற்கு அவை முதல் சாட்சி. இதைப் பின்னால் மறுபடி சொல்கிறேன்.

இந்த 4;11 மாற்றத்தை ஸ்கோப்பில் பார்க்கும்போது எப்படி இருக்கும் தெரியுமா? நாலாம் குரோமோசோம் நல்ல நீளம். 11 நடுத்தரம். நாலின் நீள்கை நடுவில் முறிந்து, அந்தப் பெரிய துண்டு 11இன் நுனியில் போய் ஒட்டியிருக்கும். 11இலிருந்து நுனித் துண்டு மட்டும் கிள்ளி எடுத்ததுபோல நாலுக்கு வந்திருக்கும். ஆகவே நாலு குட்டையாகிவிடும், 11 ஒட்டகச்சிவிங்கிபோல நீண்டு நிற்கும். பழகிய கண்ணுக்கு அரை நிமிஷம் போதும்.

எல்லாம் இப்படி வெளிச்சமாக இருக்காது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு ஐந்து மாதக் குழந்தையின் ஸ்லைடில் 20 செல்லையும் பார்த்து "நார்மல்" என்று எழுதி வைத்தேன். மறுநாள் ஃபிஷ்ஷில் உடைப்பு தெரிந்தது. சீனியர் மேடம் கூப்பிட்டு, என் ஸ்லைடையே மறுபடி வைத்து, "19இன் நுனியைப் பார்" என்றார். 11க்கும் 19க்கும் நடுவில் நுனித் துண்டுகள் மட்டும் மாறியிருந்தன. சட்டை காலரின் இரண்டு முனையை மாற்றித் தைத்ததுபோல. தெரிந்த பிறகுதான் தெரியும். ரிப்போர்ட் இன்னும் வெளியே போயிருக்கவில்லை, பிழைத்தேன். அதனால் சொல்கிறேன்: கைக்குழந்தைக்கு "கேரியோடைப் நார்மல்" என்று மட்டும் தாள் வந்தால் நிம்மதியும் வேண்டாம், பயமும் வேண்டாம். ஃபிஷ் ரிசல்ட் எங்கே என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் குரோமோசோமின் நடுத்துண்டு தலைகீழாக இருக்கிறது என்று சில தாள்களில் வரும், இன்வர்ஷன் 9. நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இதைச் சுமந்துகொண்டு எந்தக் குறையுமில்லாமல் நடமாடுகிறார்கள். அது லுக்கீமியாவுக்குச் சம்பந்தமில்லாதது. இதைப் பார்த்துவிட்டுக் கும்பகோணத்துக்கும் திருநள்ளாறுக்கும் பஸ் ஏறியவர்களை எனக்குத் தெரியும். கோயிலுக்குப் போவது உங்கள் விருப்பம், இன்வர்ஷன் 9க்காகப் போக வேண்டாம்.

இரண்டாவது வரி: ஃபிஷ்

இதுதான் கைக்குழந்தை ரிப்போர்ட்டின் உயிர். 11ஆம் குரோமோசோமின் க்யூ23 முகவரியில் கேஎம்டி2ஏ என்று ஒரு ஜீன் இருக்கிறது. பழைய பெயர் எம்எல்எல். 1990களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. சிகாகோவில் ஜேனட் ரௌலியின் குழுவுக்கு அதில் பெரிய பங்கு. ஒரு வயதுக்குள் வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகையில், அதாவது ஏஎல்எல்லில், 10 குழந்தைகளில் ஏழெட்டுப் பேருக்கு இந்த ஜீன் உடைந்திருக்கும். மைலாய்டு வகையில், ஏஎம்எல்லில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு.

சோதனை செய்வது இருட்டறையில். ஜீனின் ஒரு முனைக்குப் பச்சைச் சாயமும் மறுமுனைக்குச் சிவப்புச் சாயமும் ஒட்டுவோம். செல்லின் கரு நீலமாகத் தெரியும், கார்த்திகை இருட்டில் அகல் வைத்தாற்போல அதற்குள் புள்ளிகள். ஒழுங்கான செல்லில் பச்சையும் சிவப்பும் ஒட்டி நின்று மஞ்சளாகத் தெரியும், இரண்டு 11 இருப்பதால் இரண்டு ஜோடி. உடைந்த செல்லில் ஒரு ஜோடி அப்படியே இருக்கும். இன்னொரு ஜோடி, பாகம் பிரித்துக்கொண்டு போன அண்ணன் தம்பிபோல, பச்சை ஒரு மூலையிலும் சிவப்பு ஒரு மூலையிலுமாக நிற்கும். 200 கருவை எண்ணுவோம். தாளில் இப்படி வரும்:

நியூக் இஷ்(கேஎம்டி2ஏ×2)(5'கேஎம்டி2ஏ செப் 3'கேஎம்டி2ஏ×1)[178/200]

"செப்" என்றால் பிரிந்திருக்கிறது. 200இல் 178 செல்லில். அடியில் கட்-ஆஃப் என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள், அது ஒவ்வொரு லேபுக்கும் அவரவர் வரம்பு. அதற்குக் கீழே வந்தால் கண் மயக்கம் என்று விட்டுவிடுவோம். சில நேரம் சிவப்புப் புள்ளி பிரிந்து போகாமல் மொத்தமாகக் காணாமல் போயிருக்கும். அப்போது "அடிப்பிக்கல்" என்று எழுதுவோம். அந்த வார்த்தை இருந்தால் ஆர்என்ஏ சோதனையால் உறுதிப்படுத்தச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஃபிஷ் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், கேரியோடைப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இரண்டும் ஒரே தாளில் வரும் என்று காத்திருக்காமல் ஃபிஷ்ஷை முதலில் கேட்டு வாங்குங்கள். ஏஎல்எல் குழந்தைகளுக்கு முதல் வாரம் ஸ்டீராய்டு ஓடும். வகை தெளிவாக வேண்டியது அந்த வாரத்துக்குள்.

யாரோடு போய் ஒட்டியது?

உடைந்த கேஎம்டி2ஏ சும்மா இருக்காது. வேறொரு ஜீனின் வாலோடு போய் ஒட்டிக்கொள்ளும். இதுவரை நூறு பார்ட்னர் ஜீன்களுக்குக் குறையாமல் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் கைக்குழந்தைகளிடம் திரும்பத் திரும்ப வருவது நாலைந்துதான். இங்கேதான் பெயர்க் குழப்பம். நாலாம் குரோமோசோமில் இருப்பது ஏஎஃப்எஃப்1. அதற்கே பழைய பெயர் ஏஎஃப்4. 19இல் எம்எல்எல்டி1, பழைய பெயர் ஈஎன்எல். ஒன்பதில் எம்எல்எல்டி3, அதாவது ஏஎஃப்9. பத்தில் எம்எல்எல்டி10, அதாவது ஏஎஃப்10. ஒரு ஆஸ்பத்திரித் தாளில் "எம்எல்எல்-ஏஎஃப்4" என்றும் இன்னொரு தாளில் "கேஎம்டி2ஏ::ஏஎஃப்எஃப்1" என்றும் இருந்தால் இரண்டு நோய் இல்லை. நடுவில் இரட்டை முக்காற்புள்ளி போடுவது 2021க்குப் பிறகு வந்த வழக்கம். கைக்குழந்தை ஏஎல்எல்லில் கேஎம்டி2ஏ உடைந்தவர்களில் பாதிப்பேருக்கு இந்த நாலாம் எண்தான் பார்ட்னர்.

ஒட்டிக்கொண்டால் என்ன ஆகிறது? கேஎம்டி2ஏயின் தலைப்பகுதி, ரத்தத்தின் ஆரம்ப நிலைச் செல்லில் எச்ஓஎக்ஸ்ஏ9, எம்ஈஐஎஸ்1 போன்ற ஜீன்களின் சுவிட்சில் உட்காரும். ஒழுங்காக இருந்தால் வேலை முடிந்ததும் சுவிட்ச் அணையும். ஒட்டிய வால் வேறு சில புரதங்களைக் கூட்டிவந்து அங்கே நிறுத்திவிடுகிறது, சுவிட்ச் அணைய மாட்டேன் என்கிறது. மோட்டார் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு மாடித் தொட்டி நிரம்பித் தெருவரை வழியுமே, அந்தக் கதை. செல் முதிராமல் பெருகிக்கொண்டே போகிறது.

விசித்திரம் என்னவென்றால், பெரியவர்களின் புற்றுநோய்போல இங்கே பிழைகள் குவிந்து கிடப்பதில்லை. 2015இல் வந்த பெரிய ஆய்வொன்றில், இந்தக் குழந்தைகளின் முதன்மை நோய்ச் செல்கூட்டத்தில் உடைப்பைத் தவிர சராசரியாக 1.3 மாற்றம்தான் இருந்தது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு ராஸ் வழியில் (செல்லைப் பெருகச் சொல்லும் சிக்னல் வழி) ஒரு கோளாறு கூடுதலாக இருக்கும். தாளில் கேராஸ், என்ராஸ் என்று பார்த்தால் அதுதான். ஒற்றை உடைப்பே பெரும்பங்கு வேலையைச் செய்துவிடுகிறது.

பார்ட்னர் பெயரைப் பற்றி என் அபிப்பிராயம் ஒன்று. ஏஎல்எல்லில் பெற்றோர் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற அளவுக்கு அவசியமில்லை. இன்டர்ஃபான்ட் என்ற பன்னாட்டுக் குழு குழந்தைகளைப் பிரிக்கும்போது பார்ட்னரைப் பார்க்கவில்லை. கேஎம்டி2ஏ உடைந்திருக்கிறதா, வயது 6 மாதத்துக்குக் கீழா, வெள்ளையணு 3 லட்சமோ அதற்கு மேலோ இருந்ததா, ஒரு வார ஸ்டீராய்டுக்குப் பிறகு 8ஆம் நாள் ரத்தத்தில் பிளாஸ்ட் 1000க்குக் கீழே இறங்கியதா, இவற்றைத்தான் பார்த்தது. பார்ட்னர் எதற்கு வேண்டுமென்றால், பின்னால் எம்ஆர்டி, அதாவது சிகிச்சைக்குப் பிறகு மிச்சமிருக்கும் நோய்ச் செல், பார்க்க. பத்தாயிரம் செல்லில் ஒன்று மிச்சமிருந்தாலும் பிடிக்கிற சோதனைக்கு, எந்த இரண்டு ஜீன் எந்த இடத்தில் ஒட்டியது என்ற விலாசம் உதவும். ஏஎம்எல்லில் நிலைமை வேறு. அங்கே பார்ட்னரைப் பொறுத்து வைத்திய வழியே மாறலாம், ஆகவே அங்கே கட்டாயம் கேளுங்கள்.

"யார் வழியா வந்தது மேடம்?"

46 பற்றிக் கேட்ட மாமாவின் இரண்டாவது கேள்வி இது. எல்லோருடைய இரண்டாவது கேள்வியும் இதுதான். அவர் கேட்டது சும்மா இல்லை. வீட்டில் பேச்சு கிளம்பியிருந்தது. பெண்ணைச் சொந்த அத்தை மகனுக்குக் கொடுத்திருந்தார்கள், "சொந்தத்துல கட்டினதால" என்று ஒரு பக்கம். "மாசமா இருக்கும்போது கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தா" என்று இன்னொரு பக்கம். "ஜெனிடிக்" என்ற வார்த்தை தாளில் இருக்கிறது, ஜெனிடிக் என்றால் பரம்பரை, அப்படியானால் யார் பரம்பரை?

மெதுவாகப் படியுங்கள். இந்த உடைப்பு பெற்றோரிடமிருந்து வந்ததில்லை. குழந்தை கருவில் இருக்கும்போது அதன் சொந்த ரத்தச் செல் ஒன்றில் நடந்தது. அப்பாவின் செல்லிலும் இல்லை, அம்மாவின் செல்லிலும் இல்லை, குழந்தையின் தோலிலும் மூளையிலும் இல்லை. [2] என்று மேலே பார்த்தோமே, அந்த ஒழுங்கான செல்கள் சொல்வது அதைத்தான். சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற நோய்கள் வேறு ரகம். இரண்டு பக்கமும் ஒரே பழுதான ஜீன் வந்து சேர வேண்டும். இது அந்தக் கணக்கிலேயே வராது.

இது எப்படித் தெரியும் என்றால் இரட்டைக் குழந்தைகள் காட்டிக்கொடுத்தார்கள். 1993இல் லண்டனில் மெல் கிரீவ்ஸின் குழு, இருவருக்குமே லுக்கீமியா வந்த மூன்று ஜோடி ஒருகரு இரட்டையரை ஆராய்ந்தது. ஜோடிக்குள் இருவரிடமும் உடைப்பு அச்சு அசலாக ஒரே இடத்தில். ஜோடிக்கு ஜோடி வேறு இடம். அது பரம்பரையாக வந்ததும் இல்லை. ஒரு குழந்தையிடம் உண்டான நோய்ச் செல், இருவரும் பகிர்ந்த நஞ்சுக்கொடி வழியாக மற்றதற்குப் போயிருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தாது. 1997இல் அவர்களே, பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி அட்டையில் காயவைத்த ரத்தப்பொட்டை எடுத்துப் பார்த்தார்கள். நோய் தெரிவதற்குப் பல மாதம் முன்பு எடுத்த அந்தப் பொட்டிலேயே உடைப்பு இருந்தது.

காரணம் என்ன? எட்டோபோசைடு போன்ற, டிஎன்ஏ முறுக்கைப் பிரிக்கும் என்சைமைத் தடுக்கிற கீமோ மருந்துகள் இதே ஜீனை இதே பகுதியில் உடைக்கக்கூடியவை; அது மற்ற நோயாளிகளிடம் தெரிந்திருக்கிறது. அதை வைத்து, கர்ப்ப காலத்தில் அம்மா சாப்பிடுகிற சில பொருட்களும் காரணமாக இருக்குமோ என்று ஆய்வு நடந்திருக்கிறது. நிரூபணம் இல்லை. பப்பாளி, கிரகணம், செல்போன் கோபுரம், ஸ்கேன் எடுத்தது, இவற்றில் எதையும் அந்தத் தாயின் தலையில் கட்டுவதற்கு இந்தத் தாளில் ஒரு எழுத்துகூட இல்லை.

மாமா இதைக் கேட்டு முடித்ததும் எனக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. கவுண்டர் எதிரிலேயே போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். "உம்மேல ஒண்ணும் இல்லையாம்டி. லேப் மேடம் சொல்றாங்க. போனை அத்தைகிட்ட கொடு."

இதிலிருந்து வருகிற மூன்று காரியம். அடுத்த பிள்ளைக்கோ மூத்த பிள்ளைக்கோ இதற்காக டெஸ்ட் செய்ய வேண்டியதில்லை. குழந்தைக்கு ஒருகரு இரட்டை இருந்தால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கைக்குழந்தை வயதில் மற்றதற்கும் வரும் வாய்ப்பு மிக அதிகம். பிறந்தபோது காசு கட்டித் தொப்புள்கொடி ரத்தத்தை பேங்கில் வைத்திருந்தால், அதைக் குழந்தைக்கே திருப்பி ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கருவிலேயே உண்டான செல் அந்தப் பைக்குள்ளும் இருக்கலாம். விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை, எனக்கு அதில் ரொம்ப நாளாகவே கோபம்.

உடைப்பு இல்லை என்று வந்தால்

ஏஎல்எல், கேஎம்டி2ஏ நெகட்டிவ் என்றால் அது பொதுவாக நல்ல சேதி. அதோடு நிறுத்தாமல் ஆர்என்ஏ சீக்வென்சிங் முடியுமா என்று கேளுங்கள். 15ஆம் குரோமோசோமில் என்யூடிஎம்1 என்ற ஜீன் வேறொன்றோடு ஒட்டிய வகை இந்தக் கூட்டத்தில் ஒளிந்திருக்கும். கேரியோடைப்பில் பலமுறை தெரியாது. கைக்குழந்தைகளுக்கு வரும் வகைகளில் மிக நன்றாக குணமாவது இது. பாக்ஸ்5 சம்பந்தப்பட்டவையும் உண்டு.

ஏஎம்எல்லில் எங்கள் கண்ணை ஏமாற்றுகிறவை அதிகம். 7க்கும் 12க்கும் நடுவில் நடக்கும் மாற்றம் கைக்குழந்தைகளுக்கே உரியது. பட்டைகள் ஒரே சாயலில் இருப்பதால் தெரியாது, கூடவே 19ஆம் குரோமோசோம் ஒன்று அதிகம் இருந்தால் சந்தேகப்படுவோம். 1;22 என்று வந்தால் தட்டணுத் தாய்ச்செல் வகை. 16ஆம் குரோமோசோமுக்குள்ளேயே தலைகீழாகி ஜிஎல்ஐஎஸ்2 ஜீன் ஒட்டும் வகையைத் தனியாகத் தேடினால்தான் கிடைக்கும், அது கடுமையானது. 8;16 என்று பிறந்த குழந்தைக்கு வந்தால் ஒரு விசேஷம்: சில குழந்தைகளில் கீமோ இல்லாமலே அடங்கிவிடுவதுண்டு, ஆகவே உடல்நிலை இடம் கொடுத்தால் டாக்டர்கள் கண்காணித்துக் காத்திருப்பார்கள். அதைப் புறக்கணிப்பு என்று நினைத்துச் சண்டை போடாதீர்கள்.

47 என்று தொடங்கி கூட்டல் குறி, 21, அதன்பின் சிறிய சி (பிறவியிலேயே உள்ளது) என்று வந்தால் டவுன் சிண்ட்ரோம். இந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பிறந்த வாரங்களில் ரத்தத்தில் பிளாஸ்ட் நிறைந்து லுக்கீமியா மாதிரியே இருக்கும், காட்டா1 ஜீனில் மாற்றமும் இருக்கும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே போய்விடும். போன பிறகும் நாலு வயது வரை ரத்தப் பரிசோதனையை விடக் கூடாது, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்குப் பின்னால் உண்மையான ஏஎம்எல் வருகிறது.

சதவீதங்களைப் பற்றி

கூகுள் செய்தால் 46 சதவீதம் என்று ஒரு எண் வரும். இன்டர்ஃபான்ட்-06 என்ற ஆய்வில், 2006 முதல் 2016 வரை சேர்ந்த குழந்தைகளில், ஆறு வருஷம் நோய் திரும்பாமல் எந்தச் சிக்கலும் இல்லாமல் இருந்தவர்கள் அவ்வளவு பேர். பொய் இல்லை, ஆனால் பழைய எண். 2023இல் கேஎம்டி2ஏ உடைந்த 30 கைக்குழந்தைகளுக்கு வழக்கமான கீமோவோடு பிளினாட்டுமோமாப் என்ற மருந்தை நாலு வாரம் இரவு பகலாக டிரிப்பில் ஏற்றிய ஆய்வு வந்தது. இரண்டு வருஷ முடிவில் நோயில்லாமல் இருந்தவர்கள் 81.6 சதவீதம், முந்தைய ஆய்வில் அதே கணக்கு 49.4. முப்பதே குழந்தைகள், இரண்டே வருஷம் என்பதையும் மறக்காதீர்கள். ஆனாலும் நான் பார்த்த வருஷங்களில் இவ்வளவு பெரிய தாவல் வந்ததில்லை. மருந்து விலை அதிகம். உங்கள் டாக்டரிடம் பெயரைச் சொல்லியே கேளுங்கள், காப்பீட்டுத் திட்ட கவுண்டரிலும் கேளுங்கள். அந்த ஒட்டிய சுவிட்சையே குறிவைக்கும் மெனின் தடுப்பான் வகை மாத்திரை ரெவுமெனிப்புக்கு அமெரிக்காவில் 2024 நவம்பரில் அனுமதி கிடைத்தது: நோய் திரும்பியவர்களுக்கும் மருந்துக்கு மசியாதவர்களுக்கும், ஒரு வயதுக்கு மேல். ஒரு வயதுக்குள் அதிகம் வருகிற உடைப்புக்கு ஒரு வயதுக்கு மேல் மருந்து. என்ன செய்ய.

கடைசியாகத் தாளைப் பாதுகாப்பது. டயக்னோசிஸ் அன்றைய கேரியோடைப், ஃபிஷ், ஆர்என்ஏ மூன்றையும் தனி ஃபைலில் வையுங்கள். ஃபிஷ் படத்தின் கலர் பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். மீதமுள்ள செல்லை நாங்கள் மெத்தனாலும் அசிட்டிக் ஆசிடும் மூன்றுக்கு ஒன்று கலந்த திரவத்தில் ஃப்ரீசரில் வைத்திருப்போம். எத்தனை காலம் வைப்பார்கள் என்று லேபில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு ஆஸ்பத்திரி புது சோதனை கேட்டால் பழைய செல்லிலேயே செய்ய முடியும், குழந்தைக்கு ஊசி மிச்சம். தாளை நாலு ஜெராக்ஸ் எடுங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். போன மாதம்கூட ஒருவர் பளபளவென்று லேமினேட் செய்து கொண்டுவந்தார், திருத்திய ரிப்போர்ட் எண்ணை அதன்மேல் எழுத எந்தப் பேனாவும் பிடிக்கவில்லை.